அந்தப் பழைய பில்டு யாரோடதுங்க? எங்க ஆபீஸ் மக்களுக்கு ஒரு திறந்த மடல்

கோடு எழுதுறவங்க, டெஸ்ட் பண்றவங்க, "சாயங்காலத்துக்குள்ள ஒரே ஒரு பில்டு குடுத்துருங்க"ன்னு சொல்ற மேனேஜர்ங்க, எல்லாருக்கும் வணக்கமுங்க.

நான்தான், சர்வர் ரூம் கதவுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளு. ஏசியில தண்ணி சொட்டுனாலும் வைஃபை போனாலும் நீங்க கூப்பிடுற அதே ஆளு. இதை குரூப்லயே போட்டிருப்பேன், ஆனா குரூப்ல போட்டா மூணு கட்டைவிரல் வரும், நாலாவதா யாராவது கேக் வெட்டுற போட்டோ போடுவாங்க, அதோட விஷயம் மேல போயி காணாம போயிடும். அதான் மடலாவே எழுதிட்டேன். நீளமாத்தான் இருக்கும், டீ டைம்ல ஒரு தட்டுவடை செட் வாங்கி வச்சுக்கிட்டு பொறுமையா படிங்க.

ஜென்கின்ஸ்ல, அதாவது நீங்க எழுதுற கோடை எடுத்து தானா ஆப்பா கட்டிக் குடுக்குற சாஃப்ட்வேர்ல, குவிஞ்சு கிடக்குற பழைய பில்டுங்களை, அது கட்டிக் குடுத்த காப்பிங்களைப் பத்தித்தான் பேசப்போறேன். "ஐயோ மறுபடியுமா"ன்னு நீங்க சொல்றது இங்க கேக்குது. இந்த தடவை கொஞ்சம் வேற மாதிரி, ஏன்னா இதுல என் தப்பும் இருக்கு.

போன மாசம் ஒரு சனிக்கிழமை. திருச்செங்கோட்டுல இருந்து மாமனார் வீட்டு ஆளுங்க வந்திருந்தாங்க, பசங்களுக்கும் லீவு, சரி ஏற்காடு ஏறிட்டு வந்துரலாம்னு காலையிலேயே கிளம்பிட்டோம். கோரிமேடு தாண்டி அடிவாரம் வரைக்கும் ஃபோன் அமைதியாத்தான் இருந்துச்சு. மேல ஏற ஆரம்பிச்சதும் என் பையன் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் போர்டைப் பாத்து நம்பரை கத்திக்கிட்டே வர்றான், மொத்தம் 20 வளைவு, அவன் ஒன்பதுன்னு கத்தும்போது ஃபோன் அடிக்குது. சேகோ ப்ராஜெக்ட் தம்பி, அதான் ஜவ்வரிசி ஃபேக்டரிக்கு நாம பண்ற ஆப்பு. "அண்ணா, பில்டு எல்லாம் க்யூல நிக்குது, எதுவுமே ஓடல, மத்தியானம் ஆத்தூர்ல ஃபேக்டரிக்காரர் கிட்ட காட்டணும்"னு சொல்லும்போதே சிக்னல் போயிடுச்சு.

பத்து, பதினொண்ணு தாண்டி ரோடு கொஞ்சம் அகலமா இருக்குற இடமா பாத்து வண்டிய ஓரங்கட்டுனேன். "லீவு நாள்ல கூடவா மாப்ள?"ன்னு மாமனார். மாமியார் ஒண்ணும் சொல்லல, பார்த்தாங்க, அது அதைவிட மோசம். ஃபோன்லயே சர்வருக்குள்ள போயி டிஸ்க் எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு காட்டுற டிஎஃப் கமாண்டை அடிச்சுப் பாத்தா நூறு சதவீதம். 500 ஜிபி டிஸ்க், காலி இடம் சுழியம். ஜென்கின்ஸ்ல ஒரு பழக்கம் உண்டு, டிஸ்க்ல காலி இடம் 1 ஜிபிக்குக் கீழ போச்சுன்னா அது அந்த மெஷினை தானே ஆஃப்லைன்ல தள்ளிடும், நீங்க மாத்தி வைக்காத வரைக்கும் அதான் கணக்கு. அதனாலதான் க்யூல நின்னுச்சு. அது நல்ல பழக்கந்தான், சொல்லப்போனா அது அப்படி நிக்கலைன்னா இன்னும் கேவலமாயிருக்கும், அதைக் கீழ சொல்றேன்.

முதல்ல ஒரு பெரிய லாக் ஃபைலைப் பாத்தேன். டாக்கர்ல, அதாவது ஒவ்வொரு சாஃப்ட்வேரையும் தனித்தனி டப்பாவுல (கன்டெய்னர்) ஓட்டுற ஏற்பாட்டுல, ஓடுற ஒரு கன்டெய்னரோட லாக், 31 ஜிபி. டாக்கரோட சாதாரண ஜேசான் லாக்குக்கு நாமளா ஒரு வரம்பு போடலைன்னா வரம்பே கிடையாது, எழுதிக்கிட்டே போகும். ஆஹான்னு ஆர்எம் அடிச்சு அழிச்சேன். மறுபடி டிஎஃப். அதே நூறு. அப்பத்தான் தலையில அடிச்சுக்கிட்டேன். ஓடிக்கிட்டு இருக்குற ப்ராசஸ் ஒண்ணு ஃபைலைத் திறந்து வச்சிருந்தா நீங்க பேரை மட்டுந்தான் அழிக்க முடியும், இடம் அது கையிலேயே இருக்கும், ப்ராசஸ் விட்டாத்தான் திரும்ப வரும். ஃபைல் ஃபைலா கூட்டிக் காட்டுற டியூவுல பாத்தா இல்ல, டிஎஃப்ல பாத்தா இருக்கு, பேய் மாதிரி. அழிக்காம ட்ரன்கேட் பண்ணி, உள்ள இருக்கறதை மட்டும் காலி பண்ணியிருந்தா ஒரு செகண்ட் வேலை. பத்து வருஷம் இதே தொழில்ல இருக்கேன், ஆனா பின்னாடி பஸ் ஹாரன் அடிக்க, பக்கத்துல குரங்கு ஒண்ணு கண்ணாடி வழியா கையவிட்டு மச்சினிச்சி கையில இருந்த சிப்ஸ் பாக்கெட்டை இழுக்க, அந்த நேரத்துல எனக்கு எங்கங்க தோணும்.

டாக்கரை ரீஸ்டார்ட் பண்ணலாம், ஆனா அந்த கன்டெய்னர்ல என்னென்ன தொங்கிக்கிட்டு இருக்குன்னு ஞாபகம் இல்ல. அவசரத்துல, ஒவ்வொரு பில்டு வேலைக்கும் ஒரு ஜாப்னு பிரிச்சு வச்சிருக்குற ஜாப்ஸ் ஃபோல்டருக்குள்ள போயி எது பெருசுன்னு பாத்தேன். டெஸ்ட்2ன்னு ஒரு ஜாப். 74 ஜிபி. கடைசியா பில்டு ஓடி எட்டு மாசம் ஆகுது. பேரே டெஸ்ட்2. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நானும் அதைத்தான் பண்ணேன். மொத்தமா துடைச்சேன், 74 ஜிபி வந்துச்சு, மெஷின் ஆன்லைன் ஆச்சு, பில்டு பச்சை ஆச்சு, ஏரிக்கரையில போயி மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டோம், எல்லாம் சுபம்னு நினைச்சேன்.

டெஸ்ட்2ல இருந்தது டெஸ்ட்டே இல்லைங்க. அதுதான் சேகோ ஆப்போட நிஜமான ரிலீஸ் பில்டு.

எப்படின்னு பின்னாடி விசாரிச்சேன். நிஜ ரிலீஸ் ஜாப் ஒரு தடவை ஆப்புல டிஜிட்டல் கையெழுத்துப் போடுற சாவி விஷயத்துல தகராறு பண்ணியிருக்கு, கிளையன்ட் அவசரம்னு யாரோ ஒருத்தர் ஜாப்பை காப்பி எடுத்து டெஸ்ட்2ன்னு பேர் வச்சு அதுலயே பில்டு எடுத்துக் குடுத்திருக்காங்க, அது ஓடிருச்சு, அப்புறம் மூணு ரிலீஸும் அதுலயே போயிருக்கு, பண்ணின ஆளு வேலையை விட்டு பெங்களூர் போயாச்சு. இது யாருக்குமே தெரியாது. எனக்குத் தெரியாதது பெருசில்ல, அந்த ப்ராஜெக்ட்ல இருக்குற நாலு பேருக்கும் தெரியாது.

ரெண்டு வாரம் கழிச்சு வெயிட் பிரிட்ஜ்ல டேப்லெட்ல ஓடுற சேகோ ஆப் க்ராஷ் ஆகுது. குச்சிக்கிழங்கு லோடு வந்து நிக்குது, எடை போட்டாச்சு, பாயிண்ட் (கிழங்குல மாவு எவ்வளவுங்கற அளவு) பாத்தாச்சு, பாயிண்ட்டை என்ட்ரி பண்ணினா ஆப் மூடிக்குது. பாயிண்ட் வச்சுத்தான் விவசாயிக்கு ரேட்டுங்கறதால லாரி நகராது. க்ராஷ் ரிப்போர்ட் வாங்கிப் பாத்தா உள்ள எல்லாம் ஏ, பி, சின்னு ஒத்தை எழுத்தா இருக்கு. ரிலீஸ் பில்டு எடுக்கும்போது ஆர்8ங்கற டூல் நம்ம கிளாஸ் பேரு, ஃபங்ஷன் பேரு எல்லாத்தையும் சுருக்கிடும், எது எதுவா மாறுச்சுங்கற அகராதிதான் அந்த மேப்பிங் ஃபைல். அந்தந்த பில்டுக்கு அந்தந்த மேப்பிங், ஒண்ணுக்கு இன்னொண்ணு உதவாது. ப்ளே ஸ்டோர் வழியா பண்டிலா போட்டிருந்தா அதுக்குள்ளேயே மேப்பிங்கும் போயிருக்கும், நாம கிளையன்ட்டுக்கு நேரா ஏபிகேவா, அதான் ஆண்ட்ராய்டு இன்ஸ்டால் ஃபைலா, குடுத்தோம். அந்த அகராதி எங்க இருந்துச்சு? டெஸ்ட்2ல. ஏற்காட்டு மலையில பதினோராவது வளைவுல நான் அழிச்சதுல.

சரி, அதே கமிட்டை, அன்னைக்கு சேமிச்ச அதே கோடை, எடுத்து திரும்ப பில்டு பண்ணினா அதே மேப்பிங் வந்துடாதான்னு கேட்டீங்க, நானும் அப்படித்தான் நம்பினேன். பில்டுக்கு என்னென்ன வேணும்னு எழுதுற கிரேடில் ஃபைலைத் திறந்தா மூணு லைப்ரரிக்கு வெர்ஷன்ல கடைசி நம்பருக்குப் பதிலா ப்ளஸ் போட்டு வச்சிருக்கீங்க. ப்ளஸ் போட்டா அன்னைக்கு எது புதுசோ அது வரும். எட்டு மாசம் முன்னாடி வந்தது இப்ப வரல, பேரெல்லாம் நகர்ந்து போச்சு. அந்த தம்பி நாலு நாள் உக்காந்து ஒவ்வொரு வெர்ஷனா மாத்தி மாத்திப் போட்டு பொருத்தம் பாத்து கண்டுபிடிச்சான். நாலு நாள். அவனுக்கு நான் கடன்பட்டிருக்கேன், அதை இங்க எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்.

ஏன் இவ்வளவு விவரமா சொல்றேன்னா, இந்தக் கதையைக் கேட்டுட்டு ஒரு பாதி பேரு "பாத்தீங்களா, அதான் எதையும் அழிக்கவே கூடாது"ங்கறாங்க. இன்னொரு பாதி "பாத்தீங்களா, அதான் முன்னாடியே அழிச்சிருக்கணும்"ங்கறாங்க. ரெண்டு பேரும் அழிக்கிறதைப் பத்தியே பேசுறீங்க. எது எதுக்காக இருக்குன்னு யாருமே சொல்லல. அதைச் சொல்ல வேண்டியது பில்டு எடுத்தவங்க. சர்வர் பாக்குறவன் கண்ணுக்கு எல்லாமே ஒரு நம்பரும் ஒரு சைஸும்தான்.

எங்க அப்பா சிவதாபுரத்துல கொலுசுப் பட்டறையில வேலை பாத்தவரு. பட்டறையில கூட்டுற குப்பையை தெருவுல கொட்டவே மாட்டாங்க, தரையில, கோணிச் சாக்குல, கை கழுவுற தண்ணியில கூட வெள்ளித்தூள் இருக்கும். சின்ன வயசுல அதைப் பாத்துட்டு இவங்க எதையுமே தூக்கிப் போட மாட்டாங்கன்னு நினைச்சிருக்கேன். அப்படி இல்லைங்க. ஒரு தகர டின்னுல சேர்ப்பாங்க, டின்னு நிறைஞ்சதும் எரிச்சு, கழுவி, உருக்கி, வர்ற வெள்ளியை எடை போட்டு கணக்குல வச்சுட்டு சாம்பலைக் கொட்டிருவாங்க. எந்த டின்னு எந்த மேஜையோடதுன்னு சுண்ணாம்புல எழுதி வேற இருக்கும். நம்ம ஜென்கின்ஸ்ல டின்னு மட்டுந்தான் இருக்கு. உருக்குறதும் இல்ல, எழுதுறதும் இல்ல.

இப்ப கணக்குக்கு வரேன், ஏன்னா "டிஸ்க் எப்படிண்ணா அதுக்குள்ள நிறைஞ்சுச்சு, போன வருஷம்தானே புதுசு போட்டோம்"னு கேக்கறீங்க. ஒரு ஏபிகே 60 எம்பின்னு வைங்க. டீபக், ஸ்டேஜிங், யுஏடி (கிளையன்ட் பாத்து ஓகே சொல்றது), ரிலீஸ்னு நாலு வகை, ஆக ஒரு பில்டுக்கு 240 எம்பி. எல்லாருமா சேர்ந்து ஒரு நாளைக்கு 15 தடவை கோடை புஷ் பண்றீங்க, ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஒரு பில்டு, அது குறைச்சலான கணக்கு. 3.6 ஜிபி ஆச்சு. 500 ஜிபி டிஸ்க் முழுசும் காலியா குடுத்தாக் கூட நாலரை மாசம்தான். அது ஒரே ஒரு ஆப்புக்கு. அந்த 15ல எத்தனையை யாராவது டவுன்லோட் பண்ணிப் பாக்குறீங்க? டெஸ்டிங் அக்கா எடுக்குறது ஒண்ணோ ரெண்டோ. மீதியெல்லாம் பச்சை லைட்டு எரியுதான்னு பாக்கறதுக்காக ஓடுனது, அதுக்கு ஏபிகேவை ஆர்க்கைவ் பண்ணணும்னு அவசியமே இல்ல, டெஸ்ட் ரிசல்ட்டும் லாக்கும் போதும். பில்டு எப்படி ஓடணும்னு சொல்ற பைப்லைன் ஃபைலை ஒருத்தர் எழுதுனாரு, மத்தவங்க எல்லாம் காப்பி பேஸ்ட், அதனால எல்லா பிராஞ்சும் (கோடோட தனித்தனி கிளை) எல்லாத்தையும் சேர்த்து வைக்குது. அந்த ஒருத்தர் நான்தான். சொல்லிட்டேன்.

இதுல ஒரு விஷயம் நீங்க தெரிஞ்சுக்கணும். ஜென்கின்ஸ் நாமளா சொல்லாத வரைக்கும் எதையும் அழிக்காது. இதே வேலையைப் பண்ற கிட்லேப்ல அப்படி இல்ல, நீங்க ஒண்ணும் சொல்லலைன்னா ஆர்டிஃபாக்ட்டுக்கு, அதாவது பில்டு முடிஞ்சு வர்ற ஃபைலுக்கு, 30 நாள் கெடு. கிட்ஹப் ஆக்ஷன்ஸ்ல 90 நாள். அவ்வளவு பெரிய டிஸ்க்கு வச்சிருக்கிறவங்களே நாள் குறிச்சிருக்காங்க. ஜென்கின்ஸ் பழைய ஆளு, கோசுகே கவாகுச்சிங்கறவரு சன் கம்பெனியில இருக்கும்போது ஹட்சன்னு பேர் வச்சு ஆரம்பிச்சது, சன்னை ஆரக்கிள் வாங்கினதுக்கு அப்புறம் பேருக்கு சண்டை வந்து 2011ல ஜென்கின்ஸ்னு மாறுச்சு. லோகோவுல கையில துண்டைப் போட்டுக்கிட்டு நிக்கிறாரே, அவரு பட்லர். ஏற்காட்டு எஸ்டேட் பங்களாவுல அந்தக் காலத்துல இருந்திருப்பாங்களே, அந்த மாதிரி. துரை சொல்லாம ஒடைஞ்ச தட்டைக் கூட தூக்கிப் போட மாட்டாரு. துரை நாமதான். நாமதான் வாயைத் திறக்கல.

சொல்றதுக்கு இடம் இருக்கு. ஜாப் செட்டிங்ல டிஸ்கார்ட் ஓல்ட் பில்ட்ஸ்னு ஒரு டிக். அதுல பலபேரு பயப்படுறது எதுக்குன்னா ஹிஸ்டரி போயிடும், போன மார்ச்ல எந்த பில்டு ஃபெயில் ஆச்சுன்னு பாக்க முடியாதுன்னு. அட்வான்ஸ்டை அழுத்திப் பாத்திருக்கீங்களா? ரெண்டு தனித்தனி கணக்கு இருக்கு. பில்டு ரெக்கார்டை எத்தனை நாள், எத்தனை எண்ணம் வைக்கணும்ங்கறது ஒண்ணு. ஆர்டிஃபாக்ட்டை மட்டும் எத்தனை நாள், எத்தனை எண்ணம்ங்கறது இன்னொண்ணு. லாக், நம்பர், யாரு கமிட்டு, எவ்வளவு நேரம் ஓடுச்சு, அதெல்லாம் மூணு மாசம் வச்சுக்கிட்டு, கனமான ஏபிகேவை மட்டும் ஒரு வாரத்துல விட்டுடலாம். கடைசியா ஜெயிச்ச பில்டை அது தொடாது, எவ்வளவு பழசானாலும் அது இருக்கும். கீப் திஸ் பில்டு ஃபாரெவர்னு பூட்டு போட்டதையும் தொடாது. இந்த ரெண்டும் தெரிஞ்சா பாதி பயம் போயிடும்.

பூட்டுன்னதும் ஞாபகம் வருது. போன வாரம் எண்ணிப் பாத்தேன், 63 பில்டுக்கு பூட்டு போட்டிருக்கு. அதுல விவரம் எழுதியிருக்கிறது ரெண்டுக்கு. ஒண்ணுல "முக்கியம்"னு எழுதியிருக்கு. இன்னொண்ணுல ஒரு ஸ்மைலி.

"டிஸ்க் சீப்புதானே அண்ணா, இன்னொரு 1 டிபி போட்டுடலாமே"ன்னு மேனேஜர் சார் கேட்டாரு, சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு, அதனால நானும் சிரிச்சுக்கிட்டே பதில் சொல்றேன். வாங்கலாம் சார். அது நிறையறது இன்னும் கொஞ்சம் மாசம் தள்ளிப்போகும். அதோட பேக்அப் டிஸ்க்கும் பெருசாகணும், இப்பவே ராத்திரி பதினொண்ணுக்கு ஆரம்பிக்கிற பேக்அப் காலையில நீங்க வந்து லாகின் பண்ணும்போதும் ஓடிக்கிட்டு இருக்கு, அதனாலதான் காலையில பில்டு மந்தமா இருக்குது. இன்னொண்ணு, பழைய ஏபிகேவுக்குள்ள என்ன இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? ஆரம்ப காலத்துல கிளையன்ட் சர்வரோட பாஸ்வேர்டை நேரா கோடுலயே எழுதி வச்சிருந்தோமே, அப்புறம் கோடுல இருந்து எடுத்துட்டோம், ஆனா அந்த ஏபிகே எல்லாம் ஜென்கின்ஸ்ல இன்னும் இருக்கு, லாகின் இருக்குற யாரு வேணும்னாலும் எடுத்துப் பிரிச்சுப் பாக்கலாம். இன்டர்ன் பசங்களுக்கும் லாகின் இருக்கு. இது இட விஷயம் இல்ல சார்.

மேல ஒண்ணு சொல்றேன்னு விட்டேன்ல. டிஸ்க் நிறைஞ்சா ஜென்கின்ஸ் நின்னுடுது, அது நல்லதுன்னேன். ஆனா அந்த சனிக்கிழமை அது நிக்கிறதுக்கு முன்னாடி ஒரு பில்டு ஓடி முடிஞ்சிருக்கு. நம்ம ஸ்க்ரிப்டு ஏபிகேவை ஷேர் ஃபோல்டருக்கு காப்பி பண்ணும், காப்பி பாதியிலேயே இடமில்லாம நின்னுருக்கு, ஆனா ஸ்க்ரிப்டுல யாரோ எரர் வந்தாலும் கண்டுக்காதேன்னு ஒரு வரி போட்டு வச்சிருக்கீங்க. அதனால பில்டு பச்சை. 60 எம்பி ஃபைல் 22 எம்பியில நிக்குது. டெஸ்டிங் அக்கா அதை எடுத்து இன்ஸ்டால் பண்ணப் போயி பேக்கேஜை பார்ஸ் பண்ண முடியலன்னு வந்து, டேப்புதான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு அந்த டேப்பை ஃபேக்டரி ரீசெட் பண்ணி, அதுல இருந்த டெஸ்ட் டேட்டா எல்லாம் போயி... விடுங்க, அக்கா இன்னும் என்கிட்ட சரியா பேசல.

ஆர்டிஃபாக்ட் மட்டுந்தான் குப்பைன்னும் நினைச்சுக்காதீங்க. வெப் டீம்காரங்க வொர்க்ஸ்பேஸ்ல, பில்டு ஓடுற ஃபோல்டர்ல, லைப்ரரிங்க இறங்குற நோடு மாட்யூல்ஸ் ஃபோல்டரை அப்படியே விட்டுட்டுப் போறீங்க, பொடிப்பொடி ஃபைலா லட்சக்கணக்குல. ஒரு தடவை டிஸ்க்ல 40 ஜிபி காலியா இருக்கு, ஆனா ஃபைல் எழுத முடியல, இடமில்லங்குது, மண்டைய பிச்சுக்கிட்டேன். இடம் இருக்கு, ஐநோடு தீர்ந்து போச்சு. வீடு காலி, ஆனா குடுக்கறதுக்கு கதவு நம்பர் இல்லங்கற கதை. பில்டு முடிஞ்சதும் வொர்க்ஸ்பேஸை துடைக்கிற ஸ்டெப்பை பைப்லைன்ல போஸ்ட் பகுதியில போடுங்க, ஒரே வரி. நெக்ஸஸ்ல, நம்ம லைப்ரரி கிடங்குல, ஸ்னாப்ஷாட் ஜார் (பாதி வேலையில எடுத்த ஜாவா ஃபைல்) எல்லாம் அழிச்சாச்சேன்னு ஜாவா டீம் அண்ணன் பெருமையா சொன்னாரு, அழிச்சீங்கண்ணா, ஆனா நெக்ஸஸ்ல அழிக்கிறது அடையாளம் வைக்கிறது மட்டும்தான், ஃபைலெல்லாம் நிஜமா கிடக்குற பிளாப் ஸ்டோரை காம்பாக்ட் பண்ற டாஸ்க் ஓடினாத்தான் நிஜமா இடம் வரும். அந்த டாஸ்க்கை நான் போட்டு விட்டுட்டேன். டாக்கர்ல வேண்டாததைத் துடைக்கிற ப்ரூன் கமாண்டை கத்துக்கிட்ட தம்பி ஒருத்தரு இருக்காரு, ரொம்ப ஆர்வம், தயவு செஞ்சு அதோட வால்யூம்ஸ்ங்கற ஆப்ஷனை மட்டும் சேர்த்து அடிச்சுடாதீங்க சாமி, நிறுத்தி வச்சிருக்குற டேட்டாபேஸோட டேட்டா அதோட போயிடலாம்.

இனிமே எப்படின்னு நான் யோசிச்சு வச்சிருக்கிறதைச் சொல்றேன், பிடிக்கலைன்னா சண்டை போடுங்க, ஆனா இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள போடுங்க.

பிராஞ்ச் பில்டு எல்லாத்துக்கும் ஆர்டிஃபாக்ட் 7 நாள், அதுலயும் கடைசி 5 மட்டும். மெயின் பிராஞ்ச் ராத்திரி பில்டுக்கு கடைசி 14. ரெக்கார்டும் லாக்கும் ரெண்டுக்குமே 90 நாள். இதை ஜாப் ஜாப்பா போயி கையால டிக் அடிக்கப் போறதில்ல, ஜென்கின்ஸ் ஃபைல்லயே ஆப்ஷன்ஸ் பகுதியில எழுதிடுவோம், அப்பத்தான் காப்பி பேஸ்ட் பண்ணினாலும் நல்லதே காப்பி ஆகும். ஓடாம செத்துக் கிடக்குற ஜாப்புங்களுக்கு மொத்தமா ஒரு குளோபல் டிஸ்கார்டர் போடுறேன், ஏன்னா ஜென்கின்ஸ் ஃபைல்ல எழுதுறது அந்த ஜாப்ல அடுத்த பில்டு ஓடும்போதுதான் வேலை செய்யும், பில்டே ஓடாத ஜாப்ல யாரு வந்து கூட்டுறது? முடிஞ்சு போன ப்ராஜெக்ட்டுங்கதான் நம்ம டிஸ்க்ல பாதி.

ரிலீஸ் பில்டு தனிக் கதை. அது ஜென்கின்ஸ்லயே இருக்கக் கூடாதுங்கறதுதான் என் முடிவு. ஜென்கின்ஸ் பட்டறை, அது பீரோ இல்ல. கிளையன்ட் கைக்குப் போற எதுவா இருந்தாலும், ஏபிகே, மேப்பிங் ஃபைல், ஐஓஎஸ்னா டிசிம் (அங்க அதுதான் க்ராஷ் அகராதி), எந்த கமிட், எந்த டேக், ஃபைல் மாறலைன்னு சரிபாக்குற செக்சம், யாருக்கு எப்ப போச்சுன்னு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல், இத்தனையும் ஒரே ஃபோல்டரா தனி ஸ்டோரேஜுக்குப் போகணும், அங்க யாருக்கும் அழிக்கிற உரிமை கிடையாது, எனக்கும் சேர்த்து. எனக்கு முக்கியமா. ஒரு ரிலீஸுக்கு 100 எம்பின்னு வச்சாலும் நாம வருஷத்துக்கு எல்லா ப்ராஜெக்ட்டும் சேர்ந்து போடுற ரிலீஸ் ஒரு பென் டிரைவ்ல அடங்கிடும். மேனேஜர் சார், அந்த 1 டிபி காசை இதுக்குக் குடுங்க, மிச்சம் வேற இருக்கும்.

ப்ளஸ் போட்ட வெர்ஷனை எல்லாம் எடுத்துட்டு நிஜ நம்பர் போடுங்க. கிரேடில்ல டிபென்டென்சி லாக் இருக்கு (வெர்ஷனைப் பூட்டி வைக்கிற லாக்குங்க, பதிவு லாக் இல்ல), நோடுல லாக் ஃபைல் இருக்கு, அதை கிட்டுல கமிட் பண்ணுங்க, கிட் இக்னோர்ல போட்டு ஒளிச்சு வைக்காதீங்க. திரும்ப பில்டு பண்ணினா அதே வரும்னு நம்பிக்கை இருந்தாத்தான் பழசை அழிக்க தைரியம் வரும். அந்த நம்பிக்கை இல்லாம "கமிட் இருக்குல்ல, அழிச்சுக்கோங்க"ன்னு என்கிட்ட சொல்றது, செக்குல கையெழுத்துப் போட்டுட்டு பேங்குல பணம் இல்லாம இருக்கற மாதிரி.

பூட்டு போட்டா உங்க பேரு, எதுக்கு, எப்ப வரைக்கும்னு விவரத்துல எழுதணும். "முக்கியம்" செல்லாது. ஸ்மைலி செல்லாது. ஜாப்புக்கு டெஸ்ட்2, புதுசு, ஃபைனல், ஃபைனல் ஃபைனல்னு பேர் வச்சா அன்னைக்கு சாயங்காலமே நான் உங்க சீட்டுக்கு வருவேன். திட்ட இல்லைங்க, கேக்க. அழிக்கிறதுக்கு முன்னாடி கேக்கணும்னு 74 ஜிபி குடுத்துக் கத்துக்கிட்டேன்.

அவசரத்துக்கு ஒரு ஏற்பாடும் பண்ணியிருக்கேன். டிஸ்க் 80 சதவீதம் தாண்டினா எல்லா டீம் லீடுக்கும் மெசேஜ் வரும், 90ல எனக்கு ஃபோனே அடிக்கும். நூறுல தெரிஞ்சுக்கிட்டா மலை மேல நின்னுக்கிட்டு கண்ணை மூடித்தான் அழிக்கணும். அப்புறம் 5 ஜிபில ஒரு வெத்து ஃபைல் போட்டு வச்சிருக்கேன், ரொம்ப நெருக்கடின்னா அதை அழிச்சா மூச்சு விட இடம் கிடைக்கும். அந்த ஃபைலோட பேரு "அழிக்காதே". ஏன் இவ்வளவு பெருசா வெத்து ஃபைல்னு யாராவது நல்ல மனசோட அழிச்சுடுவீங்கன்னுதான் இப்பவே சொல்றேன்.

திங்கக்கிழமை காலையில ஷேர் ஷீட்டுல மொத்த ஜாப் லிஸ்டையும் போட்டுடுவேன், சைஸ், கடைசி பில்டு தேதி, பூட்டு எத்தனைன்னு. பக்கத்துல ரெண்டு கட்டம் காலியா இருக்கும், ஒண்ணுல உங்க பேரு, இன்னொண்ணுல எவ்வளவு நாள். முதல் ரெண்டு வாரம் எதையும் அழிக்க மாட்டேன், என்னென்ன அழியும்னு தினமும் சாயங்காலம் லிஸ்ட் மட்டும் வரும், பாத்து கத்துறவங்க அப்பவே கத்திடுங்க. மூணாவது வாரம் பேர் இல்லாத ஜாப்போட ஆர்டிஃபாக்ட் எல்லாம் பேக்அப் டிஸ்க்குக்கு நகரும், அங்க ஒரு மாசம் இருக்கும், அப்புறம் போயிடும். ஆடி விசேஷத்துக்கு கோட்டை மாரியம்மன் லீவு வருது, அந்த வாரம் மட்டும் ஒண்ணும் ஓடாது, நான் ஊர்ல இருப்பேன் ஆனா ஃபோனை எடுக்க மாட்டேன்.

கடைசியா ஒண்ணு, இதுக்கு இன்னைக்கே பதில் வேணும். அந்த 63 பூட்டுல ஒண்ணு வெள்ளிக்கடை பில்லிங் சாஃப்ட்வேரோட பில்டு, நம்பர் 418. மூணு வருஷப் பழசு, 9 ஜிபி, பூட்டு போட்டவரோட அக்கவுண்ட்டே இப்ப இல்ல. அந்த செவ்வாப்பேட்டை கடைக்காரரு இன்னும் அந்த வெர்ஷன்லதான் ஓட்டுறாரா, புதுசுக்கு மாறிட்டாரா? பில்லிங் டீம்ல யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலைன்னா அவருக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுட்டுச் சொல்லுங்க, நான் அதுவரைக்கும் அதைத் தொடல.

இப்படிக்கு,
சர்வர் ரூம் பக்கத்து சீட்டு,
ஜாகீர் அம்மாபாளையம், சேலம்